பெல்ட் கிரைண்டர் மக்கர் பண்ணினால்: கத்தி செய்பவர்களுக்கு ஒரு பழுது பார்க்கும் வழி

கிரைண்டர் என்றால் எங்கள் ஊரில் மாவு ஆட்டுவதுதான். கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே உண்டு. நான் சொல்லப்போவது அதன் முரட்டுத் தம்பியைப் பற்றி: 2 அங்குல அகலம், 72 அங்குல நீளம் கொண்ட சாணை பெல்ட் ஓடும், கத்தி தேய்க்கும் கிரைண்டர். கடைக்காரரிடம் கேட்டால் 50-க்கு 1830 மி.மீ. பெல்ட் என்பார். கிட் வாங்கி எனக்கு ஒன்று பூட்டினேன். அதைப் பார்த்த நண்பர்கள் பூட்டினார்கள். இப்போது ஞாயிற்றுக்கிழமை ஆனால் போன்: "அண்ணா, பெல்ட் நிக்கவே மாட்டேங்குது."

கேட்பது பத்துப் பதினோரு கேள்விதான், திரும்பத் திரும்ப. அவர்கள் போனில் சொல்கிற வார்த்தையையே தலைப்பாக வைத்திருக்கிறேன். உங்கள் மெஷின் என்ன செய்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். காசு செலவில்லாத காரணம் முதலில், பர்ஸைக் காலி செய்வது கடைசியில்.

ஸ்பேனரை எடுக்கும் முன் இரண்டு வேலை. ஒன்று, மாட்டியிருக்கும் பெல்ட்டைக் கழற்றிவிட்டுப் புதிதாக ஒன்று மாட்டிப் பாருங்கள். எனக்கு வரும் போன்களில் பாதி இதிலேயே முடிந்துவிடும். இரண்டு, டிரைவில் (வி.எஃப்.டி., மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பெட்டி) வேகத்தை 10 ஹெர்ட்ஸுக்கு இறக்கிப் பாருங்கள். முழு வேகத்தில் வெறும் இரைச்சலாகக் கேட்பது 10 ஹெர்ட்ஸில் என்னவென்று கண்ணுக்கே தெரியும்.

கை வைக்கிற எந்த வேலைக்கும் பிளக்கைப் பிடுங்குங்கள், சுவிட்சை அணைத்தால் போதாது. டிரைவின் மூடியைத் திறப்பதானால் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பத்து நிமிடம் காத்திருங்கள். உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் கரண்ட்டைப் பிடித்து வைத்திருக்கும்.

"கிட் வந்துடுச்சு, வீல் ஷாஃப்ட்ல ஏறல"

இன்னும் வாங்காதவர்களும் இதைப் படித்துவிடுங்கள். பின்னால் வரும் பழுதுகளில் பல, வாங்குகிற அன்றைக்கே முடிவாகிவிடுகின்றன.

*வீலின் துளை சின்னது.* அமெரிக்க அளவில் செய்த கிட் என்றால் டிரைவ் வீலின் (மோட்டார் ஷாஃப்டில் ஏறி பெல்ட்டை ஓட்டும் வீல்) துளை 5/8 அங்குலம், அதாவது 15.9 மி.மீ. இங்கே கிடைக்கும் 2 எச்.பி. மோட்டார் பெரும்பாலும் 90 ஃபிரேம் (மோட்டார் உடலின் அளவு எண்). ஷாஃப்ட் 24 மி.மீ., வீல் வழுக்காமல் பிடிக்கும் சாவி (கீ) 8 மி.மீ. வீலை லேத்துக்குக் கொண்டுபோய் 24-க்குக் குடைந்து கீ-வே (சாவி உட்காரும் காடி) வெட்டச் சொல்லுங்கள். ஷாஃப்டைக் கடைந்து சிறிதாக்கும் யோசனையை மட்டும் கேட்காதீர்கள். வீலை மாற்றலாம், மோட்டாரைத் திரும்பப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது.

*மோட்டார் முகத்தின் போல்ட் ஓட்டை சேரவில்லை.* அமெரிக்க 56சி முகத்தில் போல்ட் வட்டம் சுமார் 149 மி.மீ. நம் 90 ஃபிரேமில் பெரிய ஃபிளாஞ்சுக்கு 165, சிறிய ஃபிளாஞ்சுக்கு 115. ஓட்டையை அரத்தால் இழுத்து நீட்டினால் மோட்டார் கோணலாக உட்காரும், அப்புறம் பெல்ட் ஜென்மத்துக்கும் நேராக ஓடாது. 10 மி.மீ. தகட்டில் ஒரு அடாப்டர் வெட்டிக்கொள்ளுங்கள்.

*இன்னும் வாங்கவில்லை.* என் ஓட்டு: 2 எச்.பி., த்ரீ ஃபேஸ், முழுக்க மூடிய மோட்டார், 4 போல் (நான்கு காந்த முனை). அதோடு 5 அங்குல டிரைவ் வீல், 230 வோல்ட் சிங்கிள் ஃபேஸில் ஓடும் 2.2 கிலோவாட் டிரைவ். 50 ஹெர்ட்ஸில் பெல்ட் நிமிடத்துக்கு சுமார் 570 மீட்டர் ஓடும். 80 ஹெர்ட்ஸுக்கு ஏற்றினால் 900-ஐத் தாண்டும். மெதுவாக ஓட்டும்போதும் இழுவை இருக்கும். வீட்டில் சிங்கிள் ஃபேஸ்தானே என்று சிங்கிள் ஃபேஸ் மோட்டாரும் டிரைவும் சேர்த்து வாங்கி வந்த மூன்று பேரை எனக்குத் தெரியும். கெப்பாசிட்டர் வைத்த மோட்டாருக்கு இந்த டிரைவ் ஒத்துவராது. ஒன்றைத் திருப்பித்தான் கொடுக்க வேண்டும்.

"பெல்ட் ஒரு பக்கமா ஓடிப்போகுது"

நம்பர் ஒன் புகார் இதுதான். எப்படி ஓடிப்போகிறது என்பதைப் பொறுத்து வழி பிரியும்.

*மாட்டியவுடன் ஒரே பக்கமாக, ஒவ்வொரு முறையும்.* கையால் டிரைவ் வீலைச் சுற்றிக்கொண்டே டிராக்கிங் குமிழை (டிராக்கிங் வீலைச் சாய்த்து பெல்ட்டை இடமோ வலமோ நகர்த்துவது) திருகுங்கள். பெல்ட் அசைகிறதா? அசைந்தால் பழுதே இல்லை, நீங்கள் இன்னும் சரியான இடத்தைப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். குமிழைக் கடைசி வரை திருகியும் போதவில்லை என்றால், முதலில் வீல்களைத் துணியால் துடையுங்கள். இரும்புத் தூளும் பெல்ட்டின் பசையும் சேர்ந்து ஒரு ஓரத்தில் மேடு கட்டியிருக்கும். அடுத்து, டிரைவ் வீலைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். கிரப் ஸ்க்ரூ தளர்ந்து வீல் ஷாஃப்டில் நகர்ந்திருந்தால் பழையபடி தள்ளி, ஸ்க்ரூவுக்கு லாக்டைட் (திருகு தளராமல் பிடிக்கும் பசை) போட்டு இறுக்குங்கள்.

அதுவும் சரி என்றால் நூல் பிடிக்க வேண்டியதுதான், மேஸ்திரி சுவருக்குப் பிடிப்பதுபோல. எல்லா வீலிலும் அகலத்தின் நடுவில் மார்க்கரால் கோடு போடுங்கள். டிரைவ் வீலின் கோட்டிலிருந்து மேல் ஐட்லர், கீழ் ஐட்லர் (பெல்ட்டோடு சும்மா சுற்றும் சிறு வீல்கள்) வரை நூலை இழுத்துக் கட்டுங்கள். எந்தக் கோடு நூலை விட்டு விலகுகிறதோ அந்த வீல்தான் குற்றவாளி. 1 மி.மீ. வரை விலகல் என்றால் வாஷர் வைத்துச் சரிசெய்யலாம். வீல் விலகியிருக்காமல் சாய்ந்திருந்தால், அதன் போல்ட் துளை கோணல். வாஷர் வைத்தால் தீராது.

*நடுவில் நிற்காமல் இடமும் வலமும் அலைகிறது.* 10 ஹெர்ட்ஸில் வைத்து பெல்ட்டின் ஒட்டை (இணைப்பு) கவனியுங்கள். ஒட்டு வரும்போதெல்லாம் பெல்ட் குதித்து நகர்ந்தால் ஒட்டு கோணல். பெல்ட்டைத் திருப்பிக் கொடுங்கள். ஒட்டுக்கும் அலைச்சலுக்கும் சம்பந்தமில்லை என்றால் டிராக்கிங் வீலைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். கீல் லொடலொட என்று ஆடும். கீலின் போல்ட்டை இறுக்கிவிட்டு லாக் நட் போடுங்கள்.

*சும்மா ஓடும்போது நேர், கத்தியை வைத்தால் ஓடுகிறது.* டென்ஷன் போதவில்லை. மெஷின் நின்றிருக்கையில் டிரைவ் வீலுக்கும் டிராக்கிங் வீலுக்கும் நடுவில் கட்டை விரலால் அழுத்துங்கள். ஒரு விரல் தடிமனுக்கு மேல் உள்ளே போனால் ஸ்பிரிங் தளர்ச்சி. டென்ஷன் சரி, இன்னும் ஓடுகிறது என்றால் பிளாட்டன் (கத்தியை அழுத்தும் இடத்தில் பெல்ட்டுக்குப் பின்னால் இருக்கும் தட்டைத் தகடு) பூட்டியிருக்கும் ஆர்மைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். சதுரக் குழாய்க்குள் ஆர்ம் ஆடும். இடைவெளியில் பித்தளைத் தகடு ஒன்றைச் செருகினால் போதும்.

*இத்தனையும் பார்த்தாகிவிட்டது.* மிச்சம் இரண்டு. டிராக்கிங் வீலின் மேல் ஸ்டீல் ஸ்கேலை வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். நடு, ஓரத்தைவிட அரை மி.மீ. அளவுக்கு உயர்ந்திருக்க வேண்டும். தட்டையாக இருந்தால் லேத்தில் கொடுத்துப் பக்கத்துக்கு ஒரு டிகிரி சரிவு கடையச் சொல்லுங்கள். சின்ன வேலைதான். ஐட்லர்களுக்கு இந்த மேடு வேண்டாம், அவை தட்டையாகவே இருக்கட்டும். கடைசிக் காரணம், வெல்டிங் சூட்டில் ஃபிரேமே முறுக்கிக்கொண்டது. அதைச் சம்மட்டியால் நிமிர்த்த முயன்று நான் ஒரு ஃபிரேமைக் காயலான் கடைக்கு அனுப்பியிருக்கிறேன். ஃபேப்ரிகேஷன் பட்டறையில் கொடுங்கள். போல்ட் போட்டுப் பூட்டுகிற கிட்டையே வாங்குங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வதற்கு அந்த ஃபிரேம்தான் காரணம்.

"கொஞ்சம் அழுத்தினா நின்னுடுது"

காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். நிற்பது பெல்ட்டா, மோட்டாரா?

*மோட்டார் சத்தம் மாறவில்லை, பெல்ட் மட்டும் நிற்கிறது.* வழுக்குகிறது. டென்ஷனைக் கூட்டுங்கள், டிரைவ் வீலில் எண்ணெய் பட்டிருந்தால் தின்னர் தொட்டுத் துடையுங்கள். வீல் கண்ணாடிபோல மழுங்கியிருந்தால் 60 கிரிட் தாளால் குறுக்கே நாலு இழுப்பு.

*மோட்டார் சத்தமே இறங்குகிறது.* முதல் சந்தேகம் மழுங்கிய பெல்ட்தான். வெட்டாத பெல்ட்டை நாம் நம்மை அறியாமல் பலமாக அழுத்துவோம், மோட்டார் திணறும். புதுப் பெல்ட்டிலும் திணறினால் நீங்கள் ஓட்டும் ஹெர்ட்ஸைப் பாருங்கள். 15-க்குக் கீழே இழுவை குறைவது சகஜம். டிரைவில் டார்க் பூஸ்ட் என்று ஒரு செட்டிங் இருக்கும், கொஞ்சம் ஏற்றுங்கள். பிறகு வயர். ஐந்து ஆம்ப் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டி ஓட்டுகிறவர்கள் நிறைய. ஓடிக்கொண்டிருக்கும்போது டிரைவ் மாட்டியிருக்கும் பிளக் பாயிண்டில் வோல்டேஜ் என்ன என்று எலக்ட்ரீஷியனை அளக்கச் சொல்லுங்கள். 200-க்குக் கீழே விழுந்தால் வயர்தான் காரணம். இதற்குத் தனியாக 15 ஆம்ப் பாயிண்ட் வேண்டும்.

*முதல் நாளிலிருந்தே சோப்ளாங்கி.* இதைத்தான் யாரும் சந்தேகப்படுவதில்லை. மோட்டாரின் பெயர்ப் பலகையைப் படியுங்கள். நம் ஊர் 2 எச்.பி. த்ரீ ஃபேஸ் மோட்டார் பெரும்பாலும் 415 வோல்ட்டுக்கு ஸ்டார் கனெக்‌ஷனில் (மூன்று காயிலின் ஒரு முனையை ஒன்றாக முடிந்தது) வரும். ஆனால் சிங்கிள் ஃபேஸில் ஓடும் டிரைவ் வெளியே கொடுப்பது 230 வோல்ட்தான். ஸ்டாரிலேயே விட்டால் மோட்டார் சுற்றும், சத்தமும் நன்றாக இருக்கும், இழுவை மட்டும் மூன்றில் ஒரு பங்காகிவிடும். டெர்மினல் பெட்டியைத் திறந்து பாருங்கள்.

ஆறு முனை இருந்தால், மூன்றைக் குறுக்கே சேர்க்கும் பித்தளைப் பட்டையை எடுத்து, ஜோடி ஜோடியாக மாற்றி டெல்டா (மூன்று காயிலும் முக்கோணமாகச் சேர்வது) ஆக்க வேண்டும். மூடியின் உட்புறத்தில் படம் ஒட்டியிருக்கும். கை பழக்கமில்லை என்றால் எலக்ட்ரீஷியனுக்கு அரை மணி நேர வேலை. மூன்று வயர் மட்டும் வெளியே வந்திருந்தால், ஸ்டார் முடிச்சு காயிலுக்குள்ளேயே இருக்கிறது. ரீவைண்டிங் கடையில் "ஆறு முனை எடுத்துக் கொடுங்க, டெல்டா போடணும்" என்று சொன்னால் போதும், அவர்களுக்கு இது அன்றாட வேலை. காயில் முழுவதையும் மாற்ற வேண்டியதில்லை. மாற்றிய பிறகு டிரைவில் மோட்டார் ஆம்பியரையும் மாற்ற மறக்காதீர்கள்: பலகையில் ஸ்டாருக்கு 3.4 ஆம்ப் என்றிருந்தால் டெல்டாவுக்கு அதை 1.73-ஆல் பெருக்கி, ஏறக்குறைய 5.9.

பொள்ளாச்சி நண்பர் ஒருவர் ஒன்றரை வருடம் ஸ்டாரிலேயே ஓட்டிவிட்டு, 3 எச்.பி. மோட்டார் வாங்கப் பணம் எடுத்து வைத்திருந்தார். மாற்றிக் கொடுத்த அன்று சாயங்காலம் ஒரு லாரி ஸ்பிரிங் பட்டையைத் தேய்த்துத் தள்ளிவிட்டு, "இத்தனை நாள் நான்தான் சரியா அழுத்தலைன்னு நெனச்சேன்" என்றார்.

"டக் டக்குனு அடிக்குது, உதறுது"

10 ஹெர்ட்ஸில் வைத்து எண்ணுங்கள். 4 போல் மோட்டார், 4 அங்குல டிரைவ் வீல் என்று கணக்கு வைத்தால்:

ஒரு வினாடிக்கு மேல் ஆகி ஒரு தடவை அடித்தால் பெல்ட் ஒட்டு. வினாடிக்கு ஐந்து தடவை என்றால் டிரைவ் வீல் அவுட் அடிக்கிறது (வட்டம் தப்பிச் சுற்றுகிறது). அதைவிட இரண்டு மடங்கு வேகமாகப் படபடத்தால் 2 அங்குல ஐட்லர். 5 அங்குல வீல் என்றால் பெல்ட் அடி வினாடிக்கு ஒன்று, ஐட்லர் பன்னிரண்டு. டிரைவ் வீல் அதே ஐந்துதான்.

ஒட்டுக்குப் பெல்ட்டை மாற்றுவதுதான் மருந்து. வீலுக்கு டயல் கேஜ் வைத்துப் பார்த்து, ஷாஃப்டில் பூட்டிய நிலையிலேயே லேசாகக் கடைந்து எடுக்க வேண்டும். லேத் மேஸ்திரியிடம் வீலை மட்டும் கழற்றிக் கொடுத்தால் திரும்பப் பூட்டும்போது மறுபடி அவுட் அடிக்கும் என்று அவரே சொல்வார்.

ஐட்லரில் கீச்சென்ற சத்தமும் சூடும் இருந்தால் பேரிங். மாற்றும்போது இரும்புத் தகடு மூடி வைத்ததை வாங்காதீர்கள், ரப்பர் சீல் உள்ளதைக் கேளுங்கள். தூள் உள்ளே போகாது. புதுப் பேரிங்கும் ஒரே வாரத்தில் அலறினால், இரண்டு பேரிங்குக்கும் நடுவில் இருக்கும் ஸ்பேசரைப் பாருங்கள். அது ஒரு முடி அளவு குட்டையாக இருந்தாலும் போல்ட்டை இறுக்க இறுக்க பேரிங் நசுங்கும். போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்தினால் வீல் சுதந்திரமாகச் சுற்றுகிறதா? அப்படியானால் அதுதான்.

"டிரைவ் எர்ரர் காட்டி நின்னுடுது"

எப்போது நிற்கிறது என்று பாருங்கள். கிளம்பும்போது நின்றால் ஓவர் கரண்ட். வேகம் ஏறும் நேரத்தை 5 வினாடி ஆக்குங்கள். நிறுத்தும்போது நின்றால் ஓவர் வோல்ட். இறங்கும் நேரத்தைக் கூட்டுங்கள், அல்லது தானாக ஓடி நிற்கும்படி வையுங்கள். மின் விசிறி மங்கும் சாயங்கால நேரத்தில் நின்றால் லோ வோல்ட். அது மின்வாரியத்தோடு பேச வேண்டிய விஷயம்.

காரணமே இல்லாமல் நின்றால் டிரைவை முகர்ந்து பாருங்கள். இரும்புத் தூள் உள்ளே போயிருக்கும். காற்று அடித்துச் சுத்தம் செய்யாதீர்கள். தூளை இன்னும் ஆழமாகத் தள்ளும். சர்வீஸுக்குக் கொடுத்துவிட்டு, திரும்பி வந்ததும் தூசி புகாத பெட்டிக்குள், கிரைண்டரிலிருந்து தள்ளி மாட்டுங்கள். இன்னொன்று: டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவில் சுவிட்ச் வைக்காதீர்கள். ஓடும்போது யாராவது அதைத் தட்டினால் டிரைவ் போய்விடும்.

"தொட்டா சுர்ருங்குது" அல்லது "ஈ.எல்.சி.பி. விழுது"

ஷாக் அடித்தால் இங்கே படித்துக்கொண்டிருக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். எர்த் இல்லை, அல்லது எங்கோ வயர் தோலுரிந்து ஃபிரேமைத் தொடுகிறது.

ஷாக் இல்லை, ஈ.எல்.சி.பி. (கரண்ட் எர்த்துக்குக் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) மட்டும் விழுகிறது என்றாலும் அவரைத்தான் கூப்பிட வேண்டும், ஆனால் ஒரு தகவலோடு. டிரைவுக்குள் இருக்கும் ஃபில்டர் இயல்பாகவே கொஞ்சம் கரண்ட்டை எர்த்துக்கு விடும். வீட்டில் ஃபிரிட்ஜ், கம்ப்யூட்டர் கசிவோடு இதுவும் சேர்ந்து 30 மில்லி ஆம்பைத் தொட்டுவிடலாம். தனி லைன் இழுத்தால் தீரும். எர்த் வயரை வெட்டினாலும் விழுவது நிற்கும். அடுத்து விழுவது நீங்கள். மோட்டாரில் மெக்கர் (அதிக வோல்டேஜ் கொடுத்து இன்சுலேஷனைச் சோதிக்கும் கருவி) வைத்துப் பார்ப்பதானால் டிரைவிலிருந்து வயரைக் கழற்றிய பிறகே வைக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் அந்த வோல்டேஜில் டிரைவ் காலி.

"மோட்டார் கொதிக்குது"

கை வைக்க முடியாத சூடு என்பதாலேயே மோட்டார் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. மெதுவாக, ரொம்ப நேரம் ஓட்டினீர்களா? மோட்டாரின் விசிறி அதே ஷாஃப்டில்தான் இருக்கிறது. 15 ஹெர்ட்ஸில் அது விசிறுவதில்லை. இடைவெளி விட்டு ஓட்டுங்கள். பின் மூடியில் தூசி அடைத்திருந்தால் தூரிகையால் தட்டுங்கள். வார்னிஷ் கருகிய வாடை வந்தால் அதோடு நிறுத்துங்கள், ரீவைண்டிங் கடை.

"கத்தி வாய் நீலமாயிடுச்சு"

சூட்டில் பதம் (இரும்பின் கடினம்) இறங்கிவிட்டது. வைக்கோல் நிறம் என்றால் 200 டிகிரியை ஒட்டிய சூடு, பெரும்பாலும் தப்பித்தோம். நீலம் என்றால் 300-ஐ ஒட்டி. நீலத்தை மட்டும் தேய்த்து எடுத்துவிட்டு "சரியாகிவிட்டது" என்று கொடுக்கிறவர்கள் உண்டு. நிறம் மேல்தோல்தான், மென்மை உள்ளே இருக்கிறது. அந்த இடத்தைத் தாண்டி வாயைத் தேய்த்து இறக்க வேண்டும், இல்லையென்றால் மறுபடி துவைச்சல் (பழுக்கக் காய்ச்சி முக்கிப் பதம் ஏற்றுவது) போட வேண்டும்.

திரும்ப வராமல் இருக்க: பதம் போட்ட பிறகு பழைய பெல்ட்டைத் தொடவே தொடாதீர்கள். வேகம் 20–25 ஹெர்ட்ஸ். கையுறை வேண்டாம், விரலுக்குச் சுட்டால்தான் நமக்குத் தெரியும், சுற்றும் பெல்ட் அருகே துணிக் கையுறை அதைவிட ஆபத்து. ஒவ்வொரு இழுப்புக்கும் தண்ணீரில் ஒரு முக்கு. பதம் போடும் முன்னால் வாயை அரை மி.மீ.க்கும் மெல்லிசாக்கினால் எந்த வேகத்திலும் கருகும்.

புதிதாக வாங்கிய செராமிக் பெல்ட்டே கருக்கினால், அழுத்தம் குறைவாகவும் இருக்கலாம். செராமிக் மணி உடைந்து உடைந்து புது முனை காட்டினால்தான் வெட்டும். தடவிக்கொண்டே இருந்தால் மழுங்கிப் பளபளக்கும். அதைப் பதம் போடும் முன், வேகமாகவும் அழுத்தியும் பயன்படுத்துங்கள்.

"தேய்ச்ச கோடு நேரா வரல"

கையைக் குறை சொல்லும் முன் பெல்ட்டைக் கழற்றிவிட்டு பிளாட்டன் மேல் ஸ்டீல் ஸ்கேலை வையுங்கள். நடுவில் வெளிச்சம் தெரிந்தால் பள்ளம் விழுந்திருக்கிறது. இரும்பு பிளாட்டனில் இது வரத்தான் செய்யும். தட்டையாக்கி, மேலே கண்ணாடி-பீங்கான் தகடு ஒட்டுங்கள், கீழ் விளிம்பில் வழுக்காமல் ஒரு தாங்கல் வைத்து. ஜன்னல் கண்ணாடி ஒட்டினால் சூட்டில் விரிசல் விடும்; ஒட்டிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். பிளாட்டன் தட்டையாக இருந்து கோடு மட்டும் வளைந்தால், அது கைதான். அதற்கு என்னிடம் ஸ்பேனர் இல்லை.

"வேக்கம் பையில புகை வருது"

தண்ணீரைக் கொட்டுங்கள், முதலில் பிளக்கைப் பிடுங்கிவிட்டு. பிடிக்கான மரத்தைத் தேய்த்த தூள் கிடந்த அதே பைக்குள் இரும்புப் பொறி போயிருக்கிறது. இரும்புக்குத் தண்ணீர் வாளி, மரத்துக்குப் பை. இரண்டும் ஒன்றாகக் கூடாது. அலுமினியத்தை இந்த மெஷினில் தேய்க்கவே தேய்க்காதீர்கள். அலுமினியத் தூளும் துருத் தூளும் சேர்ந்த இடத்தில் பொறி விழுந்தால் வாளித் தண்ணீரால் அணையாது.

"பெல்ட் ஒட்டு விட்டுப்போகுது"

உள்பக்கம் அம்புக்குறி இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி ஒட்டிய பெல்ட் அம்பு காட்டும் பக்கம்தான் ஓட வேண்டும். தலைகீழாக மாட்டினால் கத்தி முனை ஒட்டுக்குள் நுழைந்து கிழிக்கும். டேப் போட்டு ஒட்டிய பெல்ட் எந்தப் பக்கமும் ஓடும். சரியாக மாட்டியும் விட்டுப்போனால் பழைய சரக்கு. ஒட்டின் பசை செத்திருக்கும். கிளப்பும்போது பெல்ட்டுக்கு நேர் எதிரே நிற்காமல் ஒதுங்கி நில்லுங்கள்.

ஐப்பசி மழையில் பெல்ட் ஈரம் குடித்து, குழிந்து வளையும். ஓரம் மட்டும் கத்தியைக் கீறும். ஆணியில் தொங்கவிட்டால் மடிப்பு விழும். 4 அங்குல பி.வி.சி. குழாயை சுவரில் பூட்டி அதில் மாட்டுங்கள். என் குழாய் இப்போது பட்டறையில் இல்லை. மழைக்குப் பயந்து வீட்டுக்குள், அரிசி டிரம்முக்கு மேலே மாட்டியிருக்கிறேன். அரிசியில் சாணைத் தூள் விழுந்தால் நானே பொறுக்க வேண்டும் என்று அம்மா சொல்லியிருக்கிறார்.